நடக்காத ஒன்றைப் பற்றிய கூற்று எப்படி உண்மையாகும்?

குவளை விழவேயில்லை என்னும்போது, "விழுந்திருந்தால் உடைந்திருக்கும்" என்பது எப்படி மெய்யாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூல் தர்க்கத்தின் 'எனில்' இங்கே உதவாது. முன்கூற்று, அதாவது 'எனில்' என்பதற்கு முன் வரும் பகுதி, பொய்யானால் முழு வாக்கியமும் மெய் என்று அது கொள்வதால், "விழுந்திருந்தால் பறந்திருக்கும்" என்பதையும் மெய்யாக்கிவிடும்.

மெய்யியலாளர்களான ராபர்ட் ஸ்டால்நேக்கர் 1968இலும் டேவிட் லூயிஸ் 1973இலும், சிறு வேறுபாடுகளுடன், முன்வைத்த விடையே எனக்குச் சரியாகப் படுகிறது: குவளை விழுகிற, மற்றபடி நம் உலகை மிக நெருங்கி ஒத்திருக்கிற சாத்திய உலகில், அதாவது உலகம் இருந்திருக்கக்கூடிய ஒரு நிலையில், அது உடைகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால்தான், "விழுந்து, கீழே தடித்த மெத்தையும் இருந்திருந்தால் உடைந்திருக்கும்" என்பது பொய்யாகிறது; மெத்தையைச் சேர்த்ததும் நாம் பார்க்க வேண்டிய உலகே மாறிவிடுகிறது. எந்த ஒற்றுமைக்கு முதலிடம், இயற்கை விதிகளுக்கா, குவளை விழும் கணம்வரையிலான வரலாற்றுக்கா என்பதுதான் இக்கோட்பாட்டின் மிகக் கடினமான இடம்.