மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்க நடுத்தரக் குடும்பத்தால் முடியுமா? பாடத்திட்டச் செலவை எப்படித் திட்டமிடுவது?

முடியும்.

கேட்டவருக்கு 5, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகள். வீட்டில் ஒருவர் சம்பளம்தான். ஆயத்தமாக விற்கும் ஹோம்ஸ்கூல் பாடப் பெட்டிக்கு விலை விசாரித்து, அதை மூன்றால் பெருக்கிப் பார்த்திருக்கிறார். தனியார் பள்ளிக் கட்டணத்தையே தாண்டுகிறது, இது நம்மால் ஆகிற காரியமா என்று கேட்கிறார். சட்டப்படி சிக்கல் வருமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

நாங்கள் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். நாலு பிள்ளைகள், நாலு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. அந்த வருமானத்துக்குள்தான் எல்லாம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெருக்கலை விடுங்கள். பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம் என்று வாங்காதீர்கள், வீட்டுக்கு ஒன்று என்று வாங்குங்கள். வயதுக்குத் தக்கபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இரண்டுதான்: கணக்கு ஒன்று, எழுதப் படிக்கக் கற்பது இன்னொன்று. கணக்கில் ஒரு படி விட்டால் அடுத்த படி ஏறாது, அங்கே சேர்த்து உட்கார வைக்க முடியாது. அறிவியல், வரலாறு, புவியியல், கதை, பாட்டு எல்லாவற்றையும் ஒரே பாயில் உட்கார வைத்து நடத்தலாம். ஐந்து வயதுக்காரி ஒன்றை எடுத்துக்கொள்வாள், பதினொரு வயதுக்காரன் வேறொன்றை எடுத்துக்கொள்வான். விஷயம் ஒன்று, கேட்கும் கேள்வி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்கத் தாமிரபரணிதான் பாடம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரைக்கும் ஒரு நீளத் தாளில் ஆற்றை வரைந்து சுவரில் ஒட்டினோம். சின்னவள் வண்ணம் தீட்டி, கரையில் உள்ள ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டி எழுதினாள். மூன்றாமவனுக்கு அணைகள். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. நீர்மட்டம் நாளிதழில் தினமும் வரும். அதைப் பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். வரைபடம் என்கிற கணக்குப் பாடம் அதிலேயே முடிந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினதும் கோடு எப்படி நிமிர்ந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினான். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாய் வந்த கதையை எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டார்கள். தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது, கார், பிசானம் என்கிற இரண்டு நெல் சாகுபடிக்கும் எப்போது திறக்கிறார்கள் என்று வயற்காட்டில் நிற்பவர்களிடமே கேட்டு எழுதினார்கள். அப்புறம் பழங்கால இடுகாடு இருக்கிற ஆதிச்சநல்லூர் போனோம். 1899 முதல் 1905 வரை தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்தவை பற்றி முன்னாலேயே வாசித்திருந்ததால், முதுமக்கள் தாழிகளைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்டார்கள். இவ்வளவுக்கும் ஆனது பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தாளும்தான். எந்தப் பெட்டியிலும் இந்தப் பாடம் விற்பதில்லை.

புத்தகங்களுக்கு வருகிறேன். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்களும் அப்படியே. கணக்குக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்ற வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும்: முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஸ்பைரல் போடுவதைவிட, அச்சான புத்தகத்தை விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் மலிவு, தாளும் நீடிக்கும். பயிற்சித் தாள்களை மட்டும் அச்சடித்தால் போதும். புத்தகத்தில் எழுதக் கூடாது, விடை எல்லாம் நோட்டில்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூத்தவனின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்தான் இப்போது தங்கையும் படிக்கிறாள்.

வாசிக்க நூலகம். கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆவதற்குக் கேட்கும் வைப்புத்தொகை மிகக் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை எடுங்கள், அப்போதுதான் ஒரே நேரத்தில் நிறையப் புத்தகம் வீட்டுக்கு வரும். பாளையங்கோட்டைப் பக்கம் போகிற நாளில் மாவட்ட மைய நூலகத்தையும், கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வாங்கி வைக்க முடியாத கருவிகளையெல்லாம் பிள்ளைகள் அங்கே தொட்டுப் பார்க்கலாம். புத்தகத் திருவிழாவுக்கென்று மட்டும் ஒரு தொகை ஒதுக்குகிறோம், அதில் கை வைப்பதில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பெரிய பிள்ளைகளிடம்தான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் தொடும்போது அம்மா அப்பாவால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க முடியாது. அப்போது டியூஷன் சென்டரில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், தேவையான ஒரு பாடத்துக்கு மட்டும் ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். ஓய்வுபெற்ற நல்ல ஆசிரியர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் மூத்தவன் கணக்குக்காக ஒரு சாரிடம் வாரத்தில் சில மாலைகள் மட்டும் போகிறான், அந்த ஒரு பாடத்துக்கான பணம்தான் கொடுக்கிறோம்.

தேர்வுச் செலவுக்கு அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் போடும் தொடர் சேமிப்பு, நல்ல வழி. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருடத்தில் முதிரும். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது தொடங்கினால், பத்தாம் வகுப்புத் தேர்வு வரும் நேரத்தில் பணம் கையில் இருக்கும்.

இனி சான்றிதழ். கேட்டவரின் மூத்த பிள்ளைக்கு 11 வயது என்பதால் இதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பாடத்திட்டம் வாங்குவதை இந்தப் பக்கத்திலிருந்து திட்டமிட்டால் பாதிச் செலவு தானே குறையும், ஏனென்றால் எழுதப்போகிற தேர்வுக்குரிய புத்தகம்தான் கடைசி இரண்டு வருடமும் வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் எடுப்பது இரண்டு வழி. ஒன்று என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. தேர்ச்சிக்கு ஐந்து பாடம், அவற்றை ஒரே தடவையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும். பெண்பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. பாடநூல்கள் இணையத்திலும் கிடைக்கின்றன.

இன்னொன்று நம் மாநிலத் தேர்வுத்துறையில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாகத் தேர்வு எழுதுவது. 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வு, பின்பு 14½ நிறைந்தால் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு, அதற்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் தேர்வு தள்ளிப்போகலாம். பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு உள்ளூர்ப் பள்ளியில் சேரப் போகிறான், அல்லது மாநில அரசு வேலை மனதில் இருக்கிறது என்றால் என் யோசனை இந்த வழிதான். சான்றிதழ் சமமா இல்லையா என்று எந்த மேசையிலும் நின்று விளக்க வேண்டியிராது. எங்கள் மூத்தவன் இதைத்தான் எடுத்திருக்கிறான். ஓவியம், இசை, விளையாட்டு என்று பாதி நாளை வேறொன்றுக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு என்ஐஓஎஸ் வசதி.

செலவைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற பக்கம் ஒன்று உண்டு. நீங்கள் ஒப்பிட வேண்டியது தனியார் பள்ளிக் கட்டணத்தோடு மட்டும் இல்லை, அரசுப் பள்ளியோடும்தான். அங்கே புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண்பிள்ளைகளுக்கு அதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, பிறகு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை கிடைக்காது. உங்கள் பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதுதான் வீட்டின் ஆசை, பணமும் குறைவு என்றால், ஆறாம் வகுப்பிலேயே நல்ல அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் கல்வியை இவ்வளவு நேசிக்கும் நானே இதைச் சொல்கிறேன். மாலையிலும் விடுமுறையிலும் ஆற்றங்கரைப் பாடத்தை நீங்கள் தாராளமாக நடத்தலாம்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு வீட்டில் ஒருவர் சம்பாதிக்காமல் இருப்பது. நான் முன்பு ஆசிரியையாக வேலை பார்த்தேன், அந்தச் சம்பளம் இப்போது இல்லை. புத்தகச் செலவு அதற்குப் பக்கத்திலேயே வராது. அதனால் வீட்டில் இருவரும் உட்கார்ந்து இந்தத் தொகையை முதலில் பேசுங்கள். மாமியார், அம்மா, மைனி யாராவது சமையலிலோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதிலோ கை கொடுப்பார்களா என்றும் கேட்டு வையுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் தடங்கல் இல்லாமல் கிடைத்தால் மூன்று பிள்ளைகளின் கணக்கையும் வாசிப்பையும் முடித்துவிடலாம்.

சட்டம் பற்றியும் பயப்படுகிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. அதைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. பிள்ளை எப்போது பள்ளிக்குத் திரும்ப வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க யாராவது வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக் காட்டிப் பேசுங்கள், மறைக்க வேண்டியதில்லை. தேதி போட்ட நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த ஜூனில் தொடங்குவதாக இருந்தால், மூன்று பேருக்கும் கணக்குப் புத்தகம், சின்னவளுக்கு எழுத்துப் பயிற்சி நோட்டு, மூன்று நூலக அட்டை, ஒரு பெரிய மாவட்ட வரைபடம் வாங்குங்கள். மற்ற எதையும் தீபாவளி வரை வாங்காதீர்கள். அதற்குள் எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அந்தப் பெட்டி வேண்டுமா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம்.