கிரோன் நோயோடு வாழ்வது எப்படி இருக்கும்? அது உடம்பை என்ன செய்யும்?

உங்கள் தம்பிக்கு 22 வயதில் கிரோன் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுக் கோளாறுதானே, சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். குரோம்பேட்டையில் குடும்பம், நுங்கம்பாக்கத்தில் வேலை என்று பல வருடங்களாக இந்த நோயோடு வாழ்கிறவன் நான். இது குடலில் தொடங்குகிறது, குடலோடு நிற்பதில்லை. சாப்பாட்டால் வந்ததும் இல்லை, சாப்பாட்டை மாற்றினால் மட்டும் போய்விடுவதும் இல்லை.

முதலில் இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். "ஓட்டலில் தின்று வரவழைத்துக்கொண்டான்" என்று சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்வார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதால் வருகிற நோய் இது. பரம்பரைக்கும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் தம்பி எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் இன்றே விடச் சொல்லுங்கள். அது இந்த நோயை நிச்சயமாக மோசமாக்கும்.

வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் அழற்சி, அதாவது சிவந்து வீங்கிப் புண்ணாவது, வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் வருகிறது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு குடல் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சவ்வோடு நின்றுவிடும். கிரோன் அப்படியல்ல. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டு வரும். வந்த இடத்தில் குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும். அதனால்தான் நாளாக ஆகச் சுவர் தடித்துக் குடல் குறுகிப்போகிறது. சிலருக்குச் சீழ் கட்டுகிறது, பவுத்திரம் வருகிறது. ஆசனவாய்ப் பக்கம் வலியோ கசிவோ இருந்தால் 22 வயதுப் பையன் வீட்டில் வாய் திறக்க மாட்டான். நீங்கள் அக்கா, கேட்டுவிடுங்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. வைட்டமின் பி12 அங்கேதான் உடம்பில் சேருகிறது. அந்த இடம் புண்ணாகிக் கிடந்தாலோ அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்டாலோ, என்ன சாப்பிட்டாலும் பி12 சேராது. உள்ளங்கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது எல்லாம் எனக்கு அப்படி வந்தவைதான். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். இரும்புச்சத்தும் குறைந்துவிடும். இவற்றுக்கு மேல் அழற்சியே ஒரு அசதியைக் கொடுக்கும். தூங்கி எழுந்தால் தீருகிற அசதி இல்லை இது. காலையில் பல் துலக்கிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிடத் தோன்றும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் தெரிவான், அதனால் சோம்பேறி என்ற பெயர் சுலபமாக வந்துவிடும். வலியைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது. தயவுசெய்து உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க விடாதீர்கள்.

குடலுக்கு வெளியேயும் வரும். கணுக்கால், முழங்கால் வீங்கலாம். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கிற சிவந்த கட்டிகள் வரலாம். வாய்ப்புண் அடிக்கடி வரலாம். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று தானாக வாங்கிப் போட வேண்டாம். அவை குடலைக் கிளறிவிடக்கூடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடல் காசநோயும் இதே இடத்தில், இதே மாதிரிக் காய்ச்சல், எடை குறைவு, வலியோடு வரும். கொலனாஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு) பார்த்தாலும் பயாப்ஸிக்குத் துளி சதை எடுத்துச் சோதித்தாலும் சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பலருக்கு முதலில் காசநோய் மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடியும் உள்ளே பார்த்து, புண் ஆறியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. மருத்துவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாற வேண்டாம். காசநோய் இருக்கும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து என்பதால்தான் இந்த நிதானம். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகளைத் தொடங்கும் முன்பும், மறைந்திருக்கும் காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் ரத்தம் அல்லது தோல் பரிசோதனையும் செய்வார்கள்.

மருந்துகளில் ஸ்டீராய்டு அழற்சியைச் சீக்கிரம் அடக்கும், ஆனால் நீண்ட நாளுக்கு ஆகாது. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையான அசதையோபிரின் எடுத்தால் ரத்த அணுக்களை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். இந்த மருந்தை எடுக்கும்போது வெள்ளணுக்கள் சரேலென்று குறைய வைக்கும் ஒரு மரபணு மாற்றம் ஐரோப்பியர்களைவிட இந்தியர்களிடம் அதிகம். அதற்குப் பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள்: முதல் ஊசிக்குப் பின் 2ஆவது வாரம், 6ஆவது வாரம், பிறகு பொதுவாக 8 வாரத்துக்கு ஒரு முறை. நான் எடுப்பது அடாலிமுமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே போட்டுக்கொள்வது. இங்கேயே தயாரிக்கிற மருந்து வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது, இருந்தாலும் மாதச் சம்பளத்தில் பாரம்தான்.

அந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. மே மாதச் சென்னையில் கடையிலிருந்து வீடு வரை ஐஸ் பையில்தான் கொண்டுவருவேன். போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் குளிர் தணியும். சில்லென்று ஏற்றினால் எரியும். தொடையில் ஒரு முறை இடது பக்கம், அடுத்த முறை வலது பக்கம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நாட்காட்டியில் தேதி குறித்துவிடுவாள்.

வலி நின்றதும் மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்த விடாதீர்கள். ஒரு தொல்லையும் இல்லாதபோதும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்த்தால் தெரியும்.

அன்றாட வாழ்க்கை? மின்சார ரயிலில் கழிப்பறை இல்லை. உடம்பு சரியில்லாத நாட்களில் நான் மெட்ரோவில் போகிறேன், கொஞ்சம் சுற்றுவழியாக இருந்தாலும் ஸ்டேஷனில் கழிப்பறை இருக்கிறது என்ற தைரியம். பையில் மாற்றுத்துணியும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எப்போதும் இருக்கும்.

சாப்பாட்டில் எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. எனக்கு இட்லி, ரசம் சாதம், மீன் குழம்பில் காரம் குறைத்தால் அதுவும் ஒத்துக்கொள்ளும். குடல் குறுகியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருந்தால் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், பலாப்பழம் போன்ற நார் மிகுந்தவை அடைத்துக்கொள்ளும். உடம்புக்கு நல்லது என்று பாட்டி ஊட்டுகிற பொருட்கள் இவை என்பதால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்: வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால், அல்லது காய்ச்சலோடு வயிற்றிலோ ஆசனவாய்ப் பக்கமோ கடும் வலி இருந்தால், இரவு எந்த நேரமானாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே முதல் பேச்சிலேயே அவனுக்குக் கிரோன் நோய் இருப்பதையும் என்ன மருந்து எடுக்கிறான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.