நான்கு வயதுப் பிள்ளையின் பள்ளிச் செலவு யார் பொறுப்பு?

தம்பி, டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்கு வந்த சூட்டிலேயே நல்ல சிக்கலில் மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் நான்கு வயது மகளுக்கு ‘பிரீ-கே’, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு, இலவசம் என்கிறார் ஒரு சக ஊழியர். அது ஏழைகளுக்கு மட்டும் என்கிறார் அடுத்தவர். அரசாங்கம் எதற்குப் பிள்ளை வளர்க்க வேண்டும் என்று சிடுசிடுக்கிறார் மூன்றாமவர். இந்த ஊர்க்காரர்கள் இதை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுக் காரியம். ஐந்து வயதானால் கிண்டர்கார்டன் எல்லோருக்கும் இலவசம்; அதைப் பற்றி இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. சண்டையெல்லாம் அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். டெக்சஸ் சட்டப்படி, செப்டம்பர் 1 அன்று நான்கு வயது நிறைந்த குழந்தைக்குச் சில தகுதிகளில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அரசுப் பள்ளியில் இலவச இடம் உண்டு. குறைந்த வருமானம் அவற்றில் ஒன்று. ராணுவக் குடும்பம் இன்னொன்று. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத குழந்தை என்பதும் ஒரு தகுதி. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவள் என்றால், உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் ‘பள்ளி மாவட்டம்’ நடத்தும் மொழித் தேர்வுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். சம்பளம் அதிகம், நமக்குக் கிடைக்காது என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளைக்கு அவசர அவசரமாக ஆங்கிலம் புகட்டும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன், எந்தப் பரிசுக்காகவோ! தகுதியுள்ள நான்கு வயதினருக்கு முழுநாள் வகுப்பு நடத்த வேண்டும் என்று 2019-இல் சட்டமும் வந்துவிட்டது.

இனி ஊர் அபிப்பிராயம். ‘சின்னப் பிள்ளைகளுக்கு அரசு செலவழிக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் கட்சி பேதமின்றித் தலையாட்டுபவர்களே அதிகம். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும்போதுதான் குரல் மாறும். ஆகவே கருத்துக்கணிப்பை விட வாக்குச்சீட்டைப் பாருங்கள். ஜார்ஜியாவில் லாட்டரிப் பணத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கி, 1995-இல் நான்கு வயதினர் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். நியூ மெக்சிகோவில் எண்ணெய், எரிவாயு வருமானத்தால் வளர்ந்த நிரந்தர நிதியிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று 2022-இல் கேட்டபோது பத்தில் ஏழு பேர் சரி என்றார்கள். தன் பையிலிருந்து போகாத பணம் என்றால் மனம் தாராளமாகிவிடுகிறது என்று நினைத்தேன். ஆனால் கலிஃபோர்னியா அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் வரி போட்டுப் பாலர் கல்வி கொடுக்கலாம் என்று 2006-இல் அங்கே கேட்டார்கள், மக்கள் தோற்கடித்தார்கள். இன்று அதே மாநிலம் நான்கு வயதினர் அனைவரையும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரே ஒரு நல்ல பாடம். 2012-இல் மேயர் ஹூலியன் காஸ்ட்ரோ, ‘பிரீ-கே 4 எஸ்.ஏ.’ என்ற நகரத் திட்டத்துக்காக விற்பனை வரியை டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் உயர்த்தக் கேட்டார். நூறு டாலர் பொருளுக்குப் பன்னிரண்டரை சென்ட். அதற்கே அன்று நூலிழையைவிடக் கொஞ்சம் அதிகமான வித்தியாசத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2020-இல் நீட்டிக்கக் கேட்டபோது ஆதரவு வெகுவாகக் கூடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே படிப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் மனம் மாறியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

உங்கள் மூன்றாவது நண்பரைக் கஞ்சன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இது குடும்பத்தின் வேலை என்ற எண்ணத்துக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. நாடு தழுவிய குழந்தைப் பராமரிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், அது குடும்ப அமைப்பைக் குலைக்கும் என்று சொல்லி 1971-இல் அதிபர் நிக்சன் தடுத்துவிட்டார். ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1960-களில் மிச்சிகனில் நடந்த, நல்ல பலன் கண்ட பெர்ரி பாலர் பள்ளி ஆய்வை ஆதரவாளர்கள் காட்டுவார்கள். அதில் இருந்தவர்கள் மொத்தம் 123 குழந்தைகள்தான் என்பதை எதிர்ப்பவர்கள் காட்டுவார்கள். டென்னசியில் அரசு வகுப்புக்குப் போன குழந்தைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. என்னைக் கேட்டால், அது பணம் கொடுப்பதற்கு எதிரான வாதம் அல்ல, மோசமாக நடத்துவதற்கு எதிரான வாதம். ஆனால் அந்த நண்பரிடம் இதைச் சொல்லி ஜெயிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கூச்சப்பட வேண்டாம். விசாவில் இருக்கும் உங்களுக்கு வாக்கு கிடையாது. ஆனால் கடையில் விற்பனை வரியும், வாடகை வழியாகச் சொத்து வரியும் நீங்களும்தான் கொடுக்கிறீர்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம், மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவு எப்போது திறக்கிறது என்று பள்ளி மாவட்ட அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். நகரத் திட்டத்துக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். முழு இலவசத்துக்குத் தகுதியில்லாதவர்களும் கட்டணம் செலுத்திச் சேர அதில் வழி இருக்கிறது.