அதிகம் ஓட்டாத காரின் பேட்டரி இறங்காமல் இருக்க என்ன வழி? வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா?

போதாது. என் கார் பேட்டரி வீணானதே அந்தப் பத்து நிமிடத்தை நம்பியதால்தான்.

வீட்டிலிருந்தே வேலை, கார் மாதத்தில் இரண்டு நாள் நகர்ந்தால் அதிகம். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் ஞாயிறுதோறும் கீழே இறங்கிப் போய், நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஓட விடுவேன். எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போட்டு வைப்பேன். "ஓட்டாத வண்டிக்கு மைனஸைக் கழற்றி வைத்துவிடு, அதுதான் நல்லது" என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது, டேஷ்போர்டு விளக்குகள் ஒவ்வொரு டிக்குக்கும் மங்கி மங்கி எரிந்தன. ஒரு கண்ணில் கட்டோடு அப்பா காரின் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகைக் கார் பிடித்து அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று வழி நெடுக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 11.7 வோல்ட். சும்மா நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், சில மணி நேரம் விட்டு அளக்க வேண்டும்.

ஏன் இறங்கியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கார் அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பகுதி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர். என் காரில் 70 இருந்தது. கூடுதலாகத் தின்றது டேஷ்கேம். அதைப் பொருத்தியவர் சாவியை எடுத்தாலும் கரண்ட் வரும் வயரிலிருந்து இழுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவும் இல்லை. அதைப் பிடுங்கியதும் 30-க்கு இறங்கியது. 70 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர் மணி, வாரத்துக்குப் பன்னிரண்டு. என் பேட்டரியின் கொள்ளளவே 45. பத்து நிமிடம் ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்திலேயே, ஓடினால் திரும்ப ஏறுவது இரண்டோ மூன்றோ இருந்தால் பெரிது. எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் முழு வேகத்தில் சுற்றாது, அது கொடுப்பதில் பெரும்பங்கை நான் போட்டுவிட்ட ஏசியும் ஹெட்லைட்டும் எடுத்துக்கொண்டுவிடும். வாரத்துக்குப் பன்னிரண்டு போய் மூன்று வந்தால் ஒரு மாதத்தில் படுக்காமல் என்ன செய்யும்?

"நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். அவர்கள் வண்டியில் இந்தக் கரண்ட் கசிவு குறைவாக இருந்திருக்கும், நடுவே நீண்ட தூரமும் ஓட்டியிருப்பார்கள். நான் மெக்கானிக் இல்லை, என் காரில் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இறங்கிய பேட்டரியை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காலியாகக் கிடக்கும்போது உள்ளே ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். கெட்டியான பகுதி திரும்ப வேலை செய்யாது. ஒரு நாள் முழுக்க மெதுவாக ஏற்றியும் என்னுடையது 12.4-ஐத் தாண்டவில்லை. நாலு மாதத்தில் மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கியது இப்போது ஐந்தாம் வருடத்தில் இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். பத்து நாளுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று தெரிந்தால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுகிறேன். என் காருக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும், இரண்டு நிமிட வேலை. மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் தொட்டு, ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் ஷார்ட்டாகித் தீப்பொறி பறக்கும். பானெட்டை மூடுவதற்கு முன் ஒரு விஷயம்: அப்புறம் ரிமோட் வேலை செய்யாது, கதவை சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். டிக்கியும் மின்சாரத்தில் திறப்பது என்றால் உள்ளே எதையும் வைத்துவிடாதீர்கள்.

புதிய வண்டியில் கழற்றக் கூடாது என்பவர்களுக்கும் பதில் உண்டு. கடிகாரம் அழியும், கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறுவது நிற்கும், சில ரேடியோ கோடு கேட்கும். இதெல்லாம் திரும்ப அமைத்துக்கொள்ளக் கூடியவைதான். அது வேண்டாம் என்றால், பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருந்தால், பேட்டரி மெயின்டெய்னர் (மாட்டியே வைக்கக்கூடிய சார்ஜர்) வாங்குங்கள். நிறைந்ததும் தானாகவே 13.2–13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி அப்படியே பிடித்து வைத்திருக்கும், வாரக்கணக்கில் விடலாம். பழைய மாடல் சாதாரண சார்ஜரை அப்படி விட்டுவிடாதீர்கள், பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். சிக்னலில் தானே அணைந்து எழும் வண்டி என்றால் பெரும்பாலும் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். அதில் சார்ஜரின் மைனஸ் கிளிப்பை முனையில் கடிக்க விடாமல் பாடி எர்த்தில் (காரின் உலோகப் பாடியில் எர்த் எடுக்கும் இடத்தில்) மாட்டுங்கள். டேஷ்போர்டில் வைக்கும் சின்ன சோலார் பேனலை நம்புவதற்கு முன், சாவி எடுத்த பிறகும் உங்கள் சிகரெட் சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். நிறைய வண்டிகளில் வராது, பேனல் சும்மா வெயில் காயும்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால் வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். டயருக்கும் பிரேக்குக்கும்கூட அதுதான் நல்லது.

இந்தக் கேள்விக்கு "ஓட்டாத வண்டி எதற்கு, விற்றுவிடுங்கள்" என்றும் பதில் வரும். என்னிடம் சொந்தக்காரர்களே வருடக்கணக்காகச் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, உயரமான வண்டியில் ஏற முடியாது. அவருக்குப் பழகிய இருக்கை, பழகிய கைப்பிடி இந்தக் காரில்தான் இருக்கிறது. மாதத்தில் அந்த இரண்டு நாளுக்காகத்தான் கார் நிற்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எங்களிடம் கணக்குக் கேட்க மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

நாளைக் காலை எடுப்பதற்கு முன் ஒருமுறை வோல்ட் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, நடுவில் ஸ்டார்ட் செய்யாமல், மறுபடி பாருங்கள். 12.6-ல் இருந்தது ஒரே வாரத்தில் 12.4-க்கு இறங்கியிருந்தால், புது பேட்டரிக்குப் போகும் முன் காரில் எது கரண்டைத் தின்கிறது என்று தேடுங்கள். பின்னால் வாங்கிப் பொருத்திய சாமான்களிலிருந்து ஆரம்பியுங்கள்.