பின்பக்கம் போய் நில்லுங்க

அன்புள்ள சார்,

அக்டோபர் கடைசில குவாங்சோ கண்காட்சிக்குப் போறேன், டவல் பிசினஸ். இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். அது முடிஞ்சு ரெண்டு நாள் சியான். மண்சிலை வீரர்கள் நிக்கற டெரகோட்டா ஆர்மி, கோட்டைச் சுவர், யுவான் சுவாங் கோபுரம், முஸ்லிம் தெரு எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிடறோம்னு டூர்காரங்க சொல்றாங்க. முடியுமா? அப்பாவுக்கு முட்டிவலி, ஆர்மிக்கு ரொம்ப நடக்கணுமாமே, அவரை ஹோட்டல்ல விட்டுட்டு நான் மட்டும் போய் போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்னு நெனைக்கறேன். 2200 வருஷமா 8000 பேர் அப்படியே நிக்கறாங்கன்னா சும்மாவா! சைவம் கிடைக்குமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

டூர் கேள்விக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல, அதுக்குத்தான் ஆயிரம் யூட்யூப் சேனல் இருக்கே. உங்க கடிதத்துல அப்பாவை ஹோட்டல்ல விடறேன்னு ஒரு வரி, ‘அப்படியே’ன்னு ஒரு வார்த்தை, இது ரெண்டும்தான் என்னை உக்கார வெச்சுடுச்சு.

மத்ததை முதல்ல முடிச்சிடறேன். ஒரே நாள்ல நாலும் முடியாது. டூர்காரன் முடியும்பான், நடுவுல பட்டுக்கடை, ஜேடு கடைன்னு உக்கார வெச்சுட்டு கோட்டைச் சுவரை பஸ் ஜன்னல்லயே காட்டிடுவான். அந்தச் சுவர் மிங் காலத்துது, சுத்தி வந்தா கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், மேல சைக்கிள் வாடகைக்குத் தருவாங்க, நீங்க ஓட்டுங்க, அப்பா தெற்கு வாசல் மேல உக்காந்து வேடிக்கை பாக்கட்டும். யுவான் சுவாங் கோபுரம் 652ல, அவர் இந்தியாலேருந்து கொண்டுபோன ஏடுகளை வைக்கறதுக்காகக் கட்டினது, மனுஷன் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவராச்சேன்னு நம்மாளுங்க அங்க செல்ஃபி போடாம திரும்பறதில்ல. போடுங்க. படி ஏற வேணாம். சாப்பாட்டுக்கு லியாங்பின்னு கேளுங்க, அரிசிமாவுல செஞ்ச ஆறின நூடுல்ஸ், வெள்ளரிக்காய் சீவிப்போட்டு மிளகாய் எண்ணெய் ஊத்துவாங்க, கறி வேணாம்னு போன்ல சீன மொழில டைப் பண்ணிக் காட்டிடுங்க. அக்டோபர் முதல் வாரம் அவங்க தேசிய லீவு, ஊரே அங்கதான் நிக்கும், நீங்க தப்பிச்சீங்க.

இப்ப அந்த ‘அப்படியே’.

தம்பி, ஒருத்தனும் அப்படியே நிக்கல. மேல போட்டிருந்த மரக்கூரை எரிஞ்சு, இடிஞ்சு, மண்ணோட சேந்து அத்தனை பேர் தலையிலயும் விழுந்து, எல்லாரும் சுக்குநூறா கிடந்தாங்க. 1974 மார்ச்ல சியான் பக்கத்துல லின்டோங்ங்கற இடத்துல விவசாயிங்க கிணறு வெட்டினப்ப வந்தது கை, கால், தலைன்னு துண்டு துண்டாத்தான். முழுசா கிடைச்சதுன்னு பெருமையா சொல்றது மண்டிபோட்ட வில்லாளி ஒருத்தரைத்தான், அவரைத் தனியா கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க. 8000ங்கறதும் ஒரு கணக்குதான், பாதிக்கு மேல இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. வெளிய எடுத்தா சிலை மேல பூசின சாயம் சுருண்டு உதிர்ந்துடும், அதான் அவசரப்படாம இருக்காங்க. ஆக நீங்க போட்டோ எடுக்கப்போற வரிசை மொத்தமும் 1974க்கு அப்புறம் ஆளுங்க உக்காந்து ஒட்டி நிக்க வெச்சது. தன் கல்லறைக்குக் காவலா இந்தப் படையைச் செய்யச் சொன்ன ராஜாவைப் புகழறோம், ஒட்டினவனை யாராவது கேக்கறோமா?

ஜாவோ காங்மின்னு ஒருத்தர். லின்டோங்ல சின்ன மியூசியம் பாத்துக்கிட்டிருந்தவர். கிணத்துல ஏதோ வந்திருக்குன்னு போன் வந்ததும் சைக்கிளை எடுத்துட்டு பறந்திருக்கார். அள்ளிட்டு வந்த துண்டுகள்ல சிலது நகத்தளவு. அதை உக்காந்து ஒட்டி ரெண்டு வீரர்களை நிக்க வெச்சார், அதுவும் சத்தமில்லாம, ஏன்னா பழசையெல்லாம் ஒழிக்கணும்னு மாவோ ஆரம்பிச்ச கலாச்சாரப் புரட்சி முடியாத நேரம், பழசைக் கட்டிக்கிட்டு அழறவன்னு ஏற்கெனவே பேச்சு வாங்கினவர் அவர். ஊருக்கு வந்த ஒரு பத்திரிகைக்காரர் கண்ல பட்டுத்தான் விஷயம் பெய்ஜிங் வரைக்கும் போச்சு. 2018ல செத்துப்போனார். கிணறு வெட்டினவங்க பின்னாடி மியூசியம் கடைல உக்காந்து புக்ல கையெழுத்துப் போட்டாங்க, நான் அதைத் தப்புன்னு சொல்லல, ஆனா பாத்தவன் வேற, பாத்ததை இன்னதுன்னு சொன்னவன் வேற, இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியும் ஏறமாட்டேங்குது.

எங்கப்பா வாட்ச் ரிப்பேர்காரர். 2011ல நான் அவரைக் கூட்டிட்டுப் போனேன். சிலைங்க நிக்கற முதல் குழிக்குள்ள நுழைஞ்சதும் முன்கம்பிகிட்ட நாலடுக்குக் கூட்டம், கொடி வெச்சிருந்த கைடு 20 நிமிஷம்னு சொல்லிட்டான். நான் போட்டோ எடுத்துட்டுத் திரும்பினா அப்பாவைக் காணோம். பக்கவாட்டு நடைபாதையிலயே போய் கடைசில நிக்கறார், அங்க கூட்டமே இல்ல. பின்பக்கம்தான் ஒட்டற இடம். தலையில்லாத ஆளுங்க, இடுப்புல பட்டை கட்டி, பிளாஸ்டிக் சுத்தி, நம்பர் அட்டை தொங்க, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி. ஒரு பொண்ணு குட்டி ஸ்டூல்ல உக்காந்து ஒரு ஓட்டுத்துண்டை ஒரு முழங்கைல வெச்சுப் பாக்குது, எடுக்குது, திருப்புது, மறுபடி வைக்குது.

“அப்பா, பஸ் போயிடும்”னேன். “இருடா, மூணாவது தடவையா அதே துண்டை வைக்குது. விளிம்பு தேஞ்சிருக்கு, அந்தப் பக்கம் ஒக்காராது”ன்னார். கண்ல லென்ஸ் இல்லாமயே அந்தக் கண்ணை மட்டும் சுருக்கிக்கிட்டு. இந்தச் சிலைங்கள்ல செஞ்சவன் பேரைக் குத்திருக்காங்க, பெருமைக்கு இல்ல, கோளாறு வந்தா ஆளைப் பிடிக்கறதுக்குன்னு கைடு சொன்னதை நான் சொன்னேன். அப்பா சிரிச்சுட்டார். வாட்ச் பின்மூடி உள்பக்கம் அவரும் ஊசியால தேதியும் தன் எழுத்தும் கீறுவார், மூணு வருஷம் கழிச்சு யாராவது வந்து நீதான் கெடுத்தேன்னு சொன்னா திறந்து காட்ட.

நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அப்படியும் பஸ் போயிடுச்சு. ரோட்டோரம் மாதுளை வித்துக்கிட்டிருந்தாங்க, லின்டோங் மாதுளை பேர்போனது, ரெண்டு வாங்கி உரிச்சுத் தின்னுக்கிட்டே டவுன் பஸ்ஸுக்கு நின்னோம். அவர் ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. ஆனா அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார், சீனான்னு யார் பேச்செடுத்தாலும், “அந்தத் துண்டு பொருந்துச்சான்னு தெரியாமயே வந்துட்டோம்”னு என்னைப் பாத்துத்தான் சொல்வார்.

அதனால ஹோட்டல்ல விடற வேலையெல்லாம் வேணாம். நடக்கணும்தான், நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போங்க, யுவான் சுவாங் இன்னொரு தடவைக்கு இருக்கட்டும். டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க, ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் கைல இருக்கணும். ஒரு மடக்கு ஸ்டூலும் பெட்டில போட்டுக்கோங்க. பின்பக்கம் உக்கார ஒண்ணும் கிடையாது.