மாந்தோவாவில் நான்கு நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியங்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள். வரும் அக்டோபரில் மிலானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் எல்லாம் சென்ற முறையே பார்த்தாயிற்று. இந்த முறை நான்கு நாள் கிடைக்கும். வட இத்தாலியில் ஒரே மாகாணத்தில் தங்கி ஓவியம், சாப்பாடு, ஊர்ப்புறம் மூன்றையும் நிதானமாகப் பார்க்க ஆசை. மாந்தோவா போகலாம் என்று மகள் சொல்கிறாள். பயண ஏற்பாட்டாளரோ, “வெரோனாவிலிருந்து அரைநாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம், தங்க வேண்டாம்” என்கிறார். என் கணவர் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். உங்கள் ஆலோசனை என்ன?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மகள் சொல்வதைக் கேளுங்கள். நான்கு நாளையும் மாந்தோவாவுக்கே கொடுங்கள். அரைநாளில் அரண்மனையைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது. அதில் மட்டுமே ஐநூறு அறைகளுக்கு மேல் இருக்கின்றன.

அந்த அரண்மனையில் கொன்ஸாகா குடும்பத்தார் 1328 முதல் 1707 வரை இருந்து ஆண்டார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓவியத் தொகுப்புகளில் ஒன்று அவர்களிடம் இருந்தது. பணமுடை வந்தபோது, 1627-28இல் அதில் பெரும்பகுதியை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்கு விற்றுவிட்டார்கள். அவர்களின் அரசவை ஓவியர் மாந்தேஞ்ஞா வரைந்த ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ ஒன்பது துணி ஓவியங்களும் இன்று லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கின்றன. காரவாஜ்ஜோவின் ‘கன்னி மரியாளின் மரணம்’ இங்கிருந்து இங்கிலாந்து போய், பிறகு பாரிஸ் லூவ்ர் சேர்ந்தது. விற்றது போக மிஞ்சியதை 1630இல் ஊருக்குள் புகுந்த புனித ரோமப் பேரரசின் படை சூறையாடியது. ஆகவே இங்கே நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதவற்றை: சுவர்களை, கூரைகளை, தண்ணீரை, வயலை. வேறெந்த அருங்காட்சியகத்திலும் இவற்றைப் பார்க்கக் கிடைக்காது. ஊருக்கே வந்தாக வேண்டும்.

முதல் நாள் காலையை அந்த அரண்மனையின் ‘மணமக்கள் அறை’க்கு வைத்துக்கொள்ளுங்கள். மாந்தேஞ்ஞா 1465இல் தொடங்கி 1474இல் முடித்த சின்ன சதுர அறை. கணப்புக்கு மேலே உள்ள சுவரில் அப்போதைய ஆட்சியாளர் லுதோவிகோ கொன்ஸாகா கையில் ஒரு கடிதத்தோடு, அருகே குனிந்து நிற்பவரிடம் ஏதோ சொல்கிறார். மனைவி பார்பரா, பிள்ளைகள், அரசவையினர் எல்லோரும் சூழ இருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. லுதோவிகோவின் நாற்காலிக்கு அடியில் நாய் ஒன்று படுத்திருக்கிறது. அதை மறக்காமல் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்துங்கள். கூரை நடுவில் வட்டமாக வானம் திறந்திருப்பதுபோல வரைந்திருக்கிறார். விளிம்பில் பெண்கள் சாய்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கொழுகொழு குழந்தைகள் சுவருக்கு வெளியே குறுகிய விளிம்பில் கால் ஊன்றி நிற்கின்றன. ஒரு பெரிய செடித்தொட்டியை ஒற்றைக் கழி மட்டும் தாங்கி நிற்கிறது. கழியை யாராவது தட்டிவிட்டால் தொட்டி நம் தலையில்தான் விழும். கீழே இறுகிய முகங்கள், மேலே குறும்பு. இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்த துணிச்சலுக்காகவே மாந்தேஞ்ஞாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உள்ளே நிற்கச் சில நிமிடங்களே தருவார்கள். எனவே நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை.

மறுநாள் பலாத்ஸோ தே. ரஃபேலின் மாணவர் ஜூலியோ ரொமானோ கட்டிய கேளிக்கை மாளிகை. முற்றத்தில் நின்று தூண்களுக்கு மேலே ஓடும் கல்வரிசையைப் பாருங்கள். இடையிடையே ஒரு கல் சற்றே கீழே நழுவியிருக்கும். காலத்தால் வந்த பழுது அல்ல, வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. ‘அரக்கர் அறை’யில் அந்த நழுவல் பெரும் சரிவாகிறது. சுவரும் கூரையும் சேருமிடம் தெரியாதபடி வளைத்துப் பூசி, ஜூபிடரின் இடியில் மலைகளும் தூண்களும் அரக்கர்கள் மேல் இடிந்து விழுவதை நான்கு பக்கமும் வரைந்திருக்கிறார். நாமும் இடிபாட்டுக்குள் அகப்பட்டதுபோல் இருக்கும்.

இனி சாப்பாடு. மாந்தோவாவின் பெயர் சொல்லும் உணவு தொர்தெல்லி தி ஸூக்கா. முட்டை சேர்த்துப் பிசைந்த மெல்லிய மாவுக்குள் பூசணி விழுது, பொடித்த அமரெத்தி என்ற பாதாம் பிஸ்கட், சீஸ், ஜாதிக்காய், கூடவே மொஸ்தார்தா. இந்த மொஸ்தார்தா சர்க்கரைப்பாகில் ஊறிய ஆப்பிள் துண்டுகள்தான், ஆனால் கடுகுச் சாரம் சேர்த்தது. ஆவக்காய் ஜாடியைத் திறந்ததும் ஏறுமே, அதே நெடி. முதலில் நாக்கில் இனிப்பு, அடுத்து பாதாமின் இலேசான கசப்பு, கடைசியாக மூக்கில் காரம். மேலே உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு புலால் விலக்கும் வழக்கத்தால் அன்று இதைச் செய்வார்கள். அக்டோபர் பூசணிப் பருவம், சரியான நேரத்தில் போகிறீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இம்மாகாணத்தில் போ ஆற்றுக்குத் தெற்கே பார்மிஜானோ ரெஜ்ஜானோ, வடக்கே கிரானா பதானோ என்று இரண்டு சீஸ் செய்கிறார்கள். இரண்டிலும் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். தொர்தெல்லிக்குள்ளும் இந்தச் சீஸ் உண்டு. அதை ஏற்பதா வேண்டாமா என்று புறப்படும் முன்பே அவர் முடிவு செய்துகொள்வது நல்லது. ஸ்பிரிஸொலோனா என்ற மக்காச்சோள மாவு, பாதாம் கேக்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் உடைத்துத் தின்பார்கள். பழைய முறையில் அதில் பன்றிக்கொழுப்பு சேரும். “ஸ்த்ருத்தோ?” என்று கேட்டால் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

நீங்கள் அசைவம் என்றால் காஸ்தெல் தாரியோ பக்கத்து ரிஸோத்தோ அல்லா பிலோத்தா சாப்பிடுங்கள். நெல் குத்தும் ஆலைத் தொழிலாளர்களின் சோறு. கொதிக்கும் நீரில் அரிசியைக் கூம்பாகக் கொட்டுவார்கள். அதன் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரிய வேண்டும். கிளறவே மாட்டார்கள். பிறகு அடுப்பை அணைத்து, துணியால் மூடி, ஆவியிலேயே வேகவிட்டுப் பன்றியிறைச்சியும் வெண்ணெயும் கலப்பார்கள். பருக்கை பருக்கையாக உதிரும்.

ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்த ஏரிகள் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சியோ ஆற்றை மறித்து உருவாக்கியவை. மேல் ஏரி நிறையத் தாமரை. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து வந்து அங்கே பரவியது. பூப்பது ஜூலை, ஆகஸ்டில். உங்களுக்கு இலையும் காயும்தான் கிடைக்கும். படகில் போங்கள், நாணல் காடும் பறவைகளும் இருக்கும். ஏரிக்கரையிலேயே கிராத்ஸியே என்ற சிற்றூரின் தேவாலயம் இருக்கிறது. அதன் கூரையிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் சப்பியொனெத்தா. வெஸ்பாஸியானோ கொன்ஸாகா 16ஆம் நூற்றாண்டில் தன் கனவுக்கேற்பத் திட்டமிட்டுக் கட்டிய கோட்டை நகர். கட்டடக் கலைஞர் ஸ்காமோத்ஸி வடிவமைத்த நாடக அரங்கு ஒன்றுக்காகவே போகலாம். 2008இல் மாந்தோவாவையும் இதையும் சேர்த்தே யுனெஸ்கோ பட்டியலில் வைத்தார்கள். ஞாயிறன்று பேருந்து குறைவு, வாரநாளில் போங்கள்.

கடைசி நாள் போ ஆற்றைக் கடந்து சான் பெனெதெத்தோ போ மடம். வழியெல்லாம் சமவெளியில் வரிசை வரிசையாகப் பாப்லர் மரங்கள். ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்தில் சிற்பி பெர்னினி வடித்த, இப்பகுதியை ஒருகாலத்தில் ஆண்ட சீமாட்டி மத்தில்தாவின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அவர் முதலில் அடக்கமானது இந்த மடத்தில்தான். 1630களில் போப் எட்டாம் உர்பன் அவருடைய எலும்புகளை விலைக்கு வாங்கி ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார். இங்கே இருப்பது வெறும் கல்பெட்டி. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.