விலக்கு கொடுத்தால் தேதி போடுங்கள்: பைப்லைன் கேள்வி-பதில்

பைப்லைன், அதாவது எழுதிய கோடைத் தானாகச் சோதித்து வெளியிடுகிற ஏற்பாடு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆடிட் பயம்தான். ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கே: எங்களிடம் 60 ரெப்போ (கோடு வைக்கிற களஞ்சியம்) இருக்கிறது சார். ஒவ்வொன்றிலும் பைப்லைன் படிகளை எழுதுகிற யாம்ல் ஃபைலில் செக்யூரிட்டி செக்கை காப்பி அடித்து வைத்திருக்கிறோம். ஒரு விதி மாறினால் எல்லாவற்றையும் திருத்த ஒரு மாதம் ஆகிறது.

விதிகளை அங்கிருந்து பிடுங்கி ஒரே ரெப்போவில் வையுங்கள். ரெகோ என்கிற விதி எழுதும் மொழியில் எழுதி, அதைச் சரிபார்க்கிற கான்ஃப்டெஸ்ட் கருவியில் ஓட்டினால் 60-ம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விதிக்கு மேலேயும் அது எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பிரிவுக்காக எழுதியது என்று கமென்ட் போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்தச் சுற்றறிக்கை திருத்தப்படும்போது எதைத் தொடுவது என்றே தெரியாமல் நிற்பீர்கள். புது விதி முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை மட்டும் கொடுக்கட்டும், அப்புறம் பில்டை (கோடிலிருந்து மென்பொருள் கட்டுவதை) நிறுத்தட்டும்.

கே: பைப்லைன் லாக் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள். கார்டு டேட்டா இருந்தால் பிசிஐ (கார்டு பாதுகாப்புத் தரநிலை) 12 மாதம் கேட்கும், அதில் கடைசி 3 மாதம் உடனே எடுக்கிற மாதிரி. எது அதிகமோ அது. கிட்ஹப்பின் பைப்லைன் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாக வைத்திருப்பது 90 நாள்தான், எனவே லாக்கை வெளியே நகலெடுத்து வையுங்கள்.

கே: பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுகிற ஸ்கேன் ஃபெயில் ஆகி ரிலீஸ் நிற்கிறது. "இப்போதைக்கு இக்னோர் ஃபைலில் போடு" என்கிறார் மேனேஜர். போடலாமா அண்ணா?

ஸ்கேன் எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்கிற விலக்குப் பட்டியல்தான் அந்த ஃபைல். போடலாம், தேதியோடு போடுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஒரு டீமுக்கு உதவப் போயிருந்தேன். அவர்கள் இக்னோர் ஃபைலில் 140 வரி இருக்கும், ஒன்றுக்குக்கூடத் தேதி இல்லை. மூன்றாவது வரியில் 2021 டிசம்பரில் எல்லோர் தூக்கத்தையும் கெடுத்த அதே லாக்4ஜே என்கிற ஜாவா லைப்ரரியின் ஓட்டை, பக்கத்தில் "டெம்பரரி" என்று ஒரு கமென்ட். அதை எழுதியவர் வேலையை விட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய லைப்ரரி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஸ்கேனோ தினமும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

ட்ரிவி என்கிற ஸ்கேன் கருவியில், ஓட்டையின் அடையாளமான சிவிஇ எண்ணுக்குப் பக்கத்திலேயே காலாவதித் தேதி எழுதலாம், தேதி கடந்தால் ஸ்கேன் தானாகச் சிவப்பாகும். 30 நாள் கொடுங்கள், காரணமும் அனுமதித்தவர் பெயரும் கூடவே இருக்கட்டும், செக்யூரிட்டி ஆள் பார்க்காமல் அந்த ஃபைல் மெர்ஜ் ஆகக் கூடாது. விலக்கு இருப்பதற்காக எந்த ஆடிட்டரும் உங்களைத் திட்டப்போவதில்லை. யார், ஏன், எதுவரை என்றுதான் கேட்பார். இதைவிட மோசம் கன்டினியூ-ஆன்-எரரை (ஃபெயில் ஆனாலும் பைப்லைன் மேலே போகட்டும் என்கிற அமைப்பை) ட்ரூ ஆக்கி வைப்பது, அதில் எதை விட்டோம் என்கிற பதிவுகூட மிஞ்சாது.

கே: பிசிஐ 4.0க்கு மாற வேண்டுமா? அவசரம்.

கார்டு எண் உங்கள் சர்வர் வழியாகப் போகிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதுவதற்குக்கூடவா நேரமில்லை? பதிலே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. 4.0 காலம் முடிந்து இப்போது 4.0.1 நடக்கிறது, தள்ளிவைத்திருந்த விதிகளும் 2025 மார்ச் 31 முதல் கட்டாயம். பைப்லைன்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் 6.3.2 பிரிவு: நீங்கள் எழுதிய மென்பொருள், அதற்குள் இருக்கும் வெளி லைப்ரரி எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பில்டிலும் சைக்ளோன்டிஎக்ஸ் என்கிற பொது வடிவில் எஸ்பாம் (மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்கிற பட்டியல்) எடுத்து ரிலீஸோடு சேர்த்து வையுங்கள். ஆடிட்டுக்கு முந்தின இரவு எக்ஸெலில் தட்டுகிற பட்டியல் மறுநாள் காலையிலேயே பழசாகிவிடும்.

கே: பைப்லைனில் சேர்க்கிற, வெளியார் எழுதிய ஆக்‌ஷனுக்கு வெர்ஷன் டேக் போட்டால் போதாதா?

போதாது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்கிற வெளியார் தொகுப்பு விவகாரத்தில் பழைய டேக்குகளையே கெட்ட கமிட்டுக்கு (கோடு மாற்றப் பதிவுக்கு)த் திருப்பிவிட்டார்கள், அதைப் பயன்படுத்திய ரெப்போ சுமார் 23,000, பலருடைய சீக்ரெட் (கடவுச்சொல், கீ போன்றவை) பில்ட் லாக்கில் கொட்டியது. வேண்டிய கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹாஷையே முழுசாகப் போடுங்கள்.

கே: டிபிடிபி (தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம்) கடமைகள் 2027-ல்தானே? அதுவரை புரொடக்‌ஷன் டேட்டாவை ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) வைக்கலாமா?

வேண்டாம். ரூல்ஸ் 2025 நவம்பரில் வந்துவிட்டது. 18 மாத அவகாசம் எல்லாவற்றையும் மாற்றி முடிப்பதற்காகக் கொடுத்தது, கடைசி மாதம் ஆரம்பிப்பதற்காக இல்லை. இன்றைக்கே ஸ்டேஜிங்கில் போன் நம்பர் நெடுவரிசையைத் திறந்து 10 வரி பாருங்கள், உண்மையான வாடிக்கையாளர் எண் ஒன்று தென்பட்டாலும் மாஸ்கிங்கை (உண்மை எண்ணை மறைப்பதை), ஸ்டேஜிங்குக்கு டேட்டா நகலெடுக்கிற ரீஃப்ரெஷ் ஜாபிலேயே ஒரு ஸ்டெப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு வாரம் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று யாராவது வந்து நின்றால், மேலே சொன்னதுதான்: தேதியும் பெயரும் எழுதி வாங்காமல் விடாதீர்கள்.